பக்கத்து ஊரார் பார்க்காத கண்டி

அக்குறணையில் வளர்ந்த எங்களுக்குக் கண்டி சுற்றுலா இடம் அல்ல. ஆஸ்பத்திரிக்கும் பெருநாள் துணிக்கும் போகிற டவுன். பத்துக் கிலோமீற்றர் தூரம். போன வேலை முடிந்தால் அடுத்த பஸ்ஸில் திரும்பி விடுவோம். சென்ற விடுமுறையில் கொழும்பிலிருந்து வந்த சாச்சி, "வாவியைச் சுத்தி நடந்தீக்கிறீங்களா?" என்று உம்மாவிடம் கேட்டார். கலியாணம் முடித்து இருபது வருடமாகியும் உம்மா நடந்ததில்லை. அந்தக் கேள்வி வாப்பாவைச் சுட்டிருக்க வேண்டும். அடுத்த வாரமே உம்மும்மா, தம்பி உட்பட ஐந்து பேரும் புறப்பட்டோம்.

புறப்படும் முன் ஒரு சிறு சண்டை. உம்மா விடியற்காலையிலேயே எழுந்து சோற்றுப் பார்சல் கட்டத் தொடங்கிவிட்டார். "கடைச் சோத்துக்கு என்னத்துக்கு வீணாச் சல்லி?" வாப்பா அடுப்பை அணைத்துவிட்டு, "இண்டைக்கு நீங்க சமைக்கத் தேவையில்ல" என்றார். உம்மாவுக்கு அதில் சந்தோஷமா கோபமா என்று பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டும் வரை தெரியவில்லை.

முதலில் பார்த்தது நாங்கள் தினமும் பார்க்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தை. கடுகண்ணாவையில் 1947இல் நடந்த விபத்தில் இறந்த தன் மகனின் நினைவாக இஸ்மாயில் ஹாஜியார் கட்டிக் கொடுத்தது அது. பேராதனைப் பல்கலைக்கழகக் கட்டடங்களை வடிவமைத்த ஷேர்லி டி அல்விஸே இதையும் வரைந்தார். 1950இல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க திறந்து வைத்தார். இத்தனை வருடமாக அதற்குக் கீழே பஸ்ஸுக்கு நின்ற நாங்கள் நேரத்தை மட்டுந்தான் பார்த்திருக்கிறோம். உம்மும்மா ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "வாப்பாட மனசு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

வாவிக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏறினால் வயதானவர்களால் நடக்க முடியாது. முழுச் சுற்று மூன்று கிலோமீற்றருக்கும் சற்று அதிகம். உம்மும்மாவை வாங்கில் இருத்திவிட்டு மற்றவர்கள் நடந்தோம். இது இயற்கையான குளம் அல்ல. வயலாகக் கிடந்த நிலத்தில் அணை கட்டி, 1807இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் உண்டாக்கியது. கண்டியின் கடைசி அரசர் அவர். கரையோரம் முகில் வடிவத்தில் ஓடும் வெள்ளைச் சுவர் பாதியில் நிற்பதைக் காணலாம். மக்கள் கூலியின்றிச் செய்த இராஜகாரிய உழைப்பு இது. அதில் அவர்களுக்கு மனக்கசப்பும் இருந்தது. சுவர் முடியும் முன்னே அரசும் முடிந்துவிட்டது. தலதா மாளிகைக்குப் பக்கத்தில், செதுக்கிய மரத்தூண்கள் நிற்கும் மகுல் மடுவ மண்டபத்தில்தான் 1815 மார்ச் 2ஆம் திகதி நாடு ஆங்கிலேயர் கைக்குப் போனது. அரசரை வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். 1832இல் அங்கேயே மரணித்தார்.

பகல் சாப்பாட்டுக்கு முதலில் ஏறிய இடத்தில் விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் மட்டும் குடித்து இறங்கினோம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் குடும்பத்தோடு போகிறவர்கள் உட்காரும் முன்பே விலையைக் கேட்டுக்கொள்வது நல்லது என்று அன்று தெரிந்துகொண்டோம். பிறகு ஒரு முஸ்லிம் ஹோட்டலின் மேல்மாடியில், குடும்பத்தினருக்கென்று ஒதுக்கிய பக்கத்தில் இடம் கிடைத்தது. தம்பி கொத்துரொட்டி கேட்டான். பின்னேரந்தான் தகடு சூடேறுமாம். எல்லோருக்கும் புரியாணி வந்தது. கலியாண வீட்டில் ஒரே சஹனில் சேர்ந்து உண்டு பழகிய உம்மாவுக்கு, ஆளுக்கொரு பீங்கான் என்பது பிடிபடவில்லை. தன் கோழித் துண்டைப் பிய்த்துத் தம்பிக்கு வைத்தார்; எழுந்து எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றப் போனார். பரிமாறுகிறவர், "நீங்க இரிங்க உம்மா, நாங்க தாறோம்" என்றார். உம்மா உட்கார்ந்தார். எங்களுக்கு முன்பே உம்மா சாப்பிட்டு முடித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

வட்டிலப்பத்தை மட்டும் விடவில்லை. "முட்டை குறைச்சல்" என்று தீர்ப்புச் சொன்னார்.

தம்பி உப்புக் கேட்டபோது வாப்பா ஒரு கதையை எடுத்தார். 1766இல் கண்டி அரசு கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தரிடம் இழந்தது. கடல் இல்லாத நாட்டுக்கு உப்பும் கருவாடும் எப்படி வரும்? பொதிமாடுகளின் முதுகில் வந்தன. அந்தத் தவளங்களை நடத்தியவர்களில் முஸ்லிம்கள் ஏராளம். அரசின் பொதிமாட்டுப் போக்குவரத்துக்கென்றே 'மடிகே பத்த' என்றொரு பிரிவு இருந்தது. அதிலும் நம்மவர்கள் பணிபுரிந்தார்கள். கரையிலிருந்து உப்போடு வந்து பாக்கோடு திரும்புவார்கள். "மலையேறி வந்த உப்பு, பாத்துப் போடு" என்றார் வாப்பா. தம்பி உண்மையாகவே குறைத்துப் போட்டான்.

லுஹர் தொழுதுவிட்டுப் பேராதனைக்கு பஸ் ஏறினோம். 1821இல் அலெக்சாண்டர் மூன் தொடங்கிய இந்தத் தாவரவியல் பூங்கா 147 ஏக்கர். மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைந்து ஓடுகிறது. முழுவதையும் ஒரே பின்னேரத்தில் பார்த்துவிட நினைத்தால் கால்வலிதான் மிஞ்சும். நாங்கள் மூன்றைத் தேர்ந்தோம்: அரசப் பனை வரிசை, புல்வெளியில் குடையாய்ப் படர்ந்த ஜாவா அத்தி, உலகிலேயே பெரிய விதையைத் தரும் இரட்டைத் தேங்காய் மரம். உம்மும்மா அத்தி நிழலில் படுத்தே விட்டார்.

சீனத் தேயிலைச் செடியை 1824இல் நட்டுப் பார்த்ததும் இந்தப் பூங்காவில்தான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் பயிரிட்ட பிறகே அது தோட்டத் தொழிலானது. அந்தக் கதையைக் காட்டும் தேயிலை நூதனசாலை ஹந்தானையில், 1925இல் கட்டிய பழைய தொழிற்சாலை ஒன்றில் இருக்கிறது. அதற்கு நேரம் போதவில்லை.

"அடுத்த லீவுக்கு" என்றார் வாப்பா, கடைசிப் பிளேன்டீக்குக் காசு எண்ணிக்கொண்டே. சோற்றுப் பார்சல் கட்ட மாட்டேன் என்று உம்மா அப்போதே சொல்லிவிட்டார். வட்டிலப்பத்தை மட்டும் வீட்டிலிருந்து கொண்டு வருவாராம்.