பல பொறுப்புகளும் வாழ்க்கை நிறைவும்

ஒரே மனிதர் தந்தையாகவும் மகனாகவும் கணவராகவும் வணிகராகவும் மஹல்லா ஜமாஅத்தின் செயலாளராகவும் இருக்கிறார். ஒவ்வொரு நிலையும் அவரிடமிருந்து நேரத்தையும் உழைப்பையும் தனக்கே உரிய நடத்தையையும் எதிர்பார்க்கிறது. இவ்வெதிர்பார்ப்புகளின் தொகுப்பையே சமூகவியலார் ‘பங்கு’ என்கின்றனர். பங்குகள் பெருகப் பெருக வாழ்வு நிறைவடைகிறதா, நைந்துபோகிறதா என்பது அத்துறையில் நெடுநாளாக நிகழ்ந்துவரும் விவாதம்.

அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் கூட் 1960இல் எழுதிய கட்டுரையொன்றில், பங்கு நெருக்கடி என்பது விதிவிலக்கன்று, மனித வாழ்வின் இயல்பான நிலையே அது என வாதிட்டார். தன்மீது விழும் கடமைகள் அனைத்தையும் முழுமையாக நிறைவேற்ற எவராலும் இயலாது. எனவே மனிதன் ஓயாது பேரம் பேசுகிறான், சிலவற்றைத் தள்ளிப்போடுகிறான், சிலவற்றைப் பிறரிடம் ஒப்படைக்கிறான் என்பது அவர் கருத்து. 1974இல் சாம் சீபர் இதற்கு நேரெதிரான வாதத்தை முன்வைத்தார். பங்குகள் கூடும்போது உரிமைகளும் தொடர்புகளும் கூடுகின்றன. ஓரிடத்தில் நேரும் தோல்வியை மற்றோரிடத்தில் கிடைக்கும் மதிப்பு தாங்கிக்கொள்கிறது என்றார் அவர். மூன்றாண்டுகளுக்குப் பின் ஸ்டீபன் மார்க்ஸ், மனித ஆற்றல் என்பது இறைக்க இறைக்க வற்றும் குளமன்று, ஈடுபாடுள்ள இடத்தில் அது ஊறவும் செய்கிறது என விளக்கினார். 1985இல் கிரீன்ஹாஸ், பியூட்டெல் ஆகிய இருவரும் பணிக்கும் குடும்பத்துக்கும் இடையிலான மோதலை மூன்றாக வகுத்தனர்: நேரத்தால் வருவது, மனச்சோர்வால் வருவது, நடத்தையால் வருவது. அலுவலகத்தில் தேவைப்படும் கண்டிப்பு இல்லத்தில் பகையாகிவிடுவது மூன்றாம் வகைக்கு எடுத்துக்காட்டு.

இவ்வகுப்பு பயனுள்ளதுதான். ஆயினும் நம் வரலாற்றின் மிகவும் அறியப்பட்ட நெருக்கடியொன்று இம்மூன்றினுள்ளும் முழுமையாக அடங்கவில்லை.

ஹிஜ்ரி 488, ரஜப் மாதம் (கி.பி. 1095). பக்தாத் நிஜாமிய்யாவின் தலைமைப் பேராசிரியராக இருந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் நா ஒருநாள் எழவில்லை. பாடம் நடத்த முயன்றார்கள், சொல் வரவில்லை. உணவும் இறங்கவில்லை. நோய் உள்ளத்திலிருந்து உடலுக்கு வந்திருக்கிறது என்று கூறி மருத்துவர்கள் கைவிரித்தனர். இவையனைத்தையும் இமாமவர்களே தமது ‘அல்முன்கித்’ என்னும் நூலில் பதிந்துள்ளார்கள். நேரமின்மை இதற்குக் காரணமன்று. முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே, ஓய்வு வேளைகளில் தனியாகப் படித்து, இரண்டாண்டுக்குள் தத்துவத்துறையைக் கரைகண்டவர் அவர். பிணக்கு ஒரே பங்கின் உள்ளேயே இருந்தது: செயல் கற்பித்தல், நிய்யத்தோ புகழை நாடியது. தாம் அவ்வாறு ஆராய்ந்து கண்டதாகவே இமாமவர்கள் எழுதுகிறார்கள்.

மக்களுக்குப் போதுமான அளவை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய செல்வத்தைப் பகிர்ந்தளித்து அவர்கள் ஷாம் நாடு சென்றார்கள். திமிஷ்கில் ஏறத்தாழ ஈராண்டுகள் தனிமை, பின்னர் பைத்துல் முகத்தஸ், ஹஜ். துறவு வரலாற்றை வியந்து பேசுவோர் பெரும்பாலும் இங்கே நிறுத்திக்கொள்கின்றனர். இமாமவர்கள் நிறுத்தவில்லை. குழந்தைகளின் அழைப்பு தம்மை ஊருக்குத் திருப்பியதையும், குடும்ப அலுவலும் வாழ்வாதாரத் தேவையும் தனிமையின் தெளிவைக் கலக்கியதையும் மறைக்காமல் எழுதுகிறார்கள். ஹிஜ்ரி 499இல் (கி.பி. 1106) நைசாபூரில் மீண்டும் ஆசிரியப் பணியை ஏற்றார்கள். பணி பழையது, நிய்யத் வேறு என்பதே அதற்கு அவர்கள் தந்த விளக்கம். ஆகப் பங்குகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து நிறைவை அளக்க முற்படும் எந்தக் கொள்கையும் இங்கே தடுமாறத்தான் செய்யும்.

தத்துவத்தில் இமாமவர்களை மறுத்த இப்னு ருஷ்தின் வழி வேறு. காழி, சட்ட அறிஞர், மருத்துவர், அரிஸ்டாட்டிலின் உரையாசிரியர் என எல்லாவற்றையும் ஒருங்கே சுமந்தவர் அவர். 1169இல் இஷ்பீலியாவின் காழியாக இருந்தபோது, அலுவல் மிகுதியையும், தம் நூல்கள் குர்துபாவில் தங்கிவிட்டதையும் சொல்லித் தம் உரையிலுள்ள குறைகளுக்கு வாசகரிடம் பொறுதி வேண்டினார். கூட் சொன்ன பேரத்துக்கு இதனினும் நேர்மையான சான்று தேட வேண்டியதில்லை.

இனி நிறைவு என்பதை எவ்வாறு அறிவது? எட் டீனரும் அவருடைய உடனாய்வாளரும் 1985இல் வெளியிட்ட அளவுகோல் உலகெங்கும் பயன்படுகிறது. ஐந்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண், கூட்டுத்தொகை 5க்கும் 35க்கும் இடையே அமையும். எளிமையான கருவி, நம்பகமானதும்கூட. ஆனால் அது பங்குகளைச் சுமப்பவரை மட்டுமே வினவுகிறது. அப்பங்குகளின் மறுமுனையில் இருப்பவரை வினவுவதில்லை.

புகாரியில் இடம்பெறும் ஸல்மான் (ரலி), அபூதர்தா (ரலி) ஆகியோரின் நிகழ்ச்சியை இவ்விடத்தில் வைத்துப் பார்க்கலாம். பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என வாழ்ந்த அபூதர்தா (ரலி) அவர்களிடம் அவ்வினாத்தாளை நீட்டியிருந்தால் உயர்ந்த மதிப்பெண்ணே கிடைத்திருக்கும் என ஊகிக்கலாம். குறையை வெளிப்படுத்தியது அவர்களுடைய சொல்லன்று, துணைவியாரின் நலிந்த ஆடை. ஸல்மான் (ரலி) அதைக் கண்டுதான் காரணம் கேட்டார்கள். பின்னர் நஃபிலான நோன்பை விடச்செய்து உடன் உண்ண வைத்தார்கள். தொழ எழுந்தவரை உறங்கச் சொன்னார்கள். இரவின் கடைசிப் பகுதியில் எழுப்பி இருவருமாகத் தொழுதார்கள். தொழுகை நீக்கப்படவில்லை, அதற்குரிய நேரம் குறிக்கப்பட்டது. இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனி ஹக்கு உண்டு என்ற அவர்களின் விளக்கம் உண்மையே என நபி (ஸல்) அவர்கள் உறுதிப்படுத்தினார்கள்.

அபூதர்தாவின் இல்லத்தில் இபாதத்தால் நிகழ்ந்தது, நம் கடலோர ஊர்களில் சம்பாத்தியத்தால் நிகழ்கிறது. வளைகுடாவில் உழைப்பவர் பொருளீட்டும் பங்கைச் செவ்வனே நிறைவேற்றுகிறார். அதனால் நிறைவும் அடைகிறார். வங்கி, பள்ளிக்கூடம், மாமனார் மாமியாரின் மருத்துவம், வீடு கட்டும் மேஸ்திரியுடன் கணக்கு என அவர் விட்டுச்சென்ற பங்குகள் யாவும் ஊரிலிருக்கும் மனைவியின் கைக்கு வந்துசேர்கின்றன. அவற்றால் அப்பெண்ணுக்குச் சீபர் கூறிய மதிப்பும் துணிவும் வாய்ப்பதுண்டு. கூட் கூறிய நெருக்கடியும் உண்டு. எது மிகுகிறது என்பதை அவரிடமே கேட்டறிய வேண்டும். கணவரின் விடை அதற்கு ஈடாகாது.