குறட்டையும் மூச்சுத் தடையும்

வடலூரில் 1867ஆம் ஆண்டு சத்திய தருமச்சாலையை நிறுவிய வள்ளலார், இடப்பக்கமாகப் படுத்துறங்க வேண்டுமென்று விதித்தார். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்சரிந்து தொண்டை குறுகும் என்பதும், ஒருக்களித்துப் படுப்பது சிலருக்கு அதனைக் குறைக்கும் என்பதும் இன்றைய மருத்துவம் கண்ட உண்மைகள்.

குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகக் கருதுவது தவறு. குறட்டை திடீரென நின்று, 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு ஓடாதிருந்து, பின்னர்த் திணறலோடு அது மீள்வது அடிக்கடி நிகழுமாயின் அது நோயே. தசைகள் தளர்ந்து காற்றுவழி அடைபட, குருதியில் பிராணவாயு குறைகிறது. மூளை சற்றே விழித்து மூச்சை மீட்கிறது. இதனால் பகலில் தூக்கம் கண்ணைச் சுழற்றும். இரத்த அழுத்தமும் உயரும்.

உறங்குபவர் இதனை அறியார். ஆதலின் வீட்டார் கவனிப்பே முதற்சோதனை. மருத்துவர் தரும் சிறு கருவி, மூச்சோட்டம், மார்பசைவு, பிராணவாயு ஆகியவற்றை வீட்டிலேயே பதிவு செய்யும். ஐயம் நீங்காவிடின் மருத்துவமனையில் ஓரிரவு தங்கி, மூளையின் மின்னலைகளையும் பதிவு செய்தல் வேண்டும். பெரியவர்க்கு மணிக்கு 5 தடைகளுக்குக் குறைவெனில் இயல்பு. 30ஐ எட்டினால் கடுமை.

1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன், மூக்குமூடி வழியே இடையறாது காற்றழுத்தம் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் முறையை வெளியிட்டார். இன்றும் அதுவே முதன்மையான சிகிச்சை. பருத்தவர் எடையைக் குறைத்தலும் மதுவை விலக்குதலும் துணை புரியும். சிறுவர்க்குப் பெரும்பாலும் டான்சில் முதலிய சதைகளின் வீக்கமே காரணம். அவற்றை அகற்றினால் பலர் நலமடைவர்.

வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையைச் சோம்பேறி என்று இகழுமுன், இரவில் அவன் மூச்சு எவ்வாறு ஓடுகிறது என்று வீட்டாரிடம் கேட்டறிதல் ஆசிரியர் கடமை. வண்டியோட்டும் தந்தைக்கோ, பகற்தூக்கம் உயிருக்கே கேடாகலாம். இன்றிரவு உங்கள் வீட்டுக் குறட்டையைச் சற்றுச் செவிகொடுத்துக் கேளுங்கள்.