வேட்டை நாய்களை வரைந்த துறவி

மார்டள்ளித் தமிழ்க் குடும்பங்களுக்கு வீரமாமுனிவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இத்தாலியில் பிறந்து, தமிழகம் வந்து, பெயரையும் தமிழாக்கிக்கொண்ட இயேசு சபைத் துறவி. அதே சபையின் இன்னொரு இத்தாலியர், மிலான் நகரத்து ஜுசெப்பே காஸ்தில்யோனே, 1715இல் சீனாவுக்குப் போனார். அங்கே அவர் பெயர் லாங் ஷிநிங். (வீரமாமுனிவர் பிறந்த ஊரின் பெயரும் காஸ்தில்யோனேதான், வேடிக்கையைப் பாருங்கள்!) நம்மவர் கையில் எழுத்தாணி, அவர் கையில் தூரிகை.

மூன்று பேரரசர்களுக்கு அவர் அரண்மனை ஓவியர். சியென்லோங் பேரரசருக்காக 1747 அளவில் தீட்டிய பத்து வேட்டை நாய்களின் படங்கள் இன்று தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய எட்டடி உயரப் பட்டுத்துணி. நாயின் பெயரும் அதைக் காணிக்கையாகத் தந்தவர் பெயரும் சீனம், மஞ்சு, மங்கோலியம் என மூன்று மொழிகளில் இருக்கும். ஒரு நாயின் பெயர் 'உறைபனிப்பூ வல்லூறு'. ஒன்பது நாய்கள் நம்ம சிப்பிப்பாறை மாதிரி ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாக இருக்கும். பத்தாவது மட்டும் திபெத்திலிருந்து வந்த சடைமுடிக் காவல் நாய்.

சீன ஓவியத்தில் கோடுதான் உயிர், நிழலுக்கு வேலையில்லை. ஐரோப்பிய ஓவியத்தில் வெளிச்சமும் நிழலும் சேர்ந்துதான் உடம்புக்குத் திரட்சி தரும். காஸ்தில்யோனே பாறை, மரம், பூக்களைச் சீன முறைக்கு விட்டுவிட்டு, நாயின் விலா எலும்பையும் தசையையும் மெல்லிய நிழலால் எழுப்பினார். எண்ணெய் வண்ணம் என்றால் பிழையின் மேல் மறுபடி பூசலாம். பட்டில் அது நடக்காது. ஆகவே முதலில் காகிதத்தில் மாதிரி வரைந்து, அரசர் சம்மதித்த பிறகே பட்டைத் தொட வேண்டும்.

முகத்தில் நிழல் விழுந்தால் அரசருக்குப் பிடிக்காது, கறை போலத் தெரியுமாம். அதனால் அரச குடும்பத்தார் முகங்களை நிழலின்றித் தட்டையாகத் தீட்டினார். நாய்க்கு அந்தக் கட்டுப்பாடு ஏது? அவர் கற்ற கலை முழுசாக வெளிப்பட்டது நாயிலும் குதிரையிலும்தான் என்பது என் எண்ணம்.

துறவிக்கு எதற்கு நாய்ப் படம் என்று கேட்பவர்கள் உண்டு. 1724இல் சீனாவில் கிறிஸ்தவ சமயம் தடைசெய்யப்பட்டது. 1736இல், ஓவியக்கூடத்துக்கு வந்த சியென்லோங் முன் காஸ்தில்யோனே மண்டியிட்டு, தம் சமயத்தாருக்காக மன்றாடினார். வேறு எந்தப் பாதிரியாராலும் அவ்வளவு அருகில் போக முடியாத காலம் அது. உங்கள் சமயத்தை நான் கண்டிக்கவில்லை, என் படைக்குடியினர் அதில் சேர்வதைத்தான் தடுத்தேன் என்றார் அரசர். தடை நீங்கவில்லை, தூரிகையும் ஓயவில்லை. 1766இல் அவர் இறந்தபோது அடக்கச் செலவுக்கு அரசரே வெள்ளி கொடுத்தார். பெய்ஜிங்கில் உள்ள கல்லறைக் கல்லில் அவர் பெயர் சீனத்திலும் லத்தீனிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது.