வேகமும் வேணும், குடும்பமும் ஏறணும்: எந்த இன்ஜின் எடுக்கலாம்?

கார் வேகமா போகணும். அப்பா, அம்மா, குழந்தை, ஊருக்குப் போற பெட்டி எல்லாம் ஏறவும் வேணும். ஃபோக்ஸ்வாகன் விர்டஸையே எடுத்துக்கோங்க. 1.0 லிட்டர் டர்போ இன்ஜினுக்கு 115 பிஎஸ், 1.5 லிட்டருக்கு 150 பிஎஸ். ஹைவேயில் லாரியை ஓவர்டேக் பண்ணும்போது வித்தியாசம் நல்லாவே தெரியும். ஆனா டிக்கி ரெண்டுலயும் அதே 521 லிட்டர்தான். பின் சீட் இடமும் அதேதான்!

இப்போ லோன் கணக்குக்கு வருவோம். 10 லட்சம், 9% வட்டின்னா 5 வருஷத்துக்கு இஎம்ஐ சுமார் ₹20,760. 7 வருஷத்துக்கு ₹16,090. மாசம் குறையுதேன்னு சந்தோஷப்படாதீங்க, மொத்த வட்டி ஒரு லட்சத்துக்கு மேல கூடும்.

5 வருஷ இஎம்ஐ தாங்குமா? 1.5 எடுங்க. 7 வருஷம் இழுத்தாதான் முடியும்னா 1.0 போதும். டெஸ்ட் டிரைவுக்கு மட்டும் வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க.