யீவு நகரில் ஏழு வருடங்கள்: ஒரு குடை கற்றுத் தந்த கணக்கு

சீனாவுக்கு ஒரு தடவையாவது போய் வராத வியாபாரி இன்று புறக்கோட்டையில் குறைவு. ஆனால் பத்து நாட்களுக்குப் போய், ஹோட்டலில் தங்கி, சாமான் பார்த்துத் திரும்புவது வேறு. அங்கேயே வீடெடுத்துக் குடியிருப்பது வேறு. 2012 முதல் 2019 வரை செஜியாங் மாகாணத்தின் யீவு நகரில் கொள்வனவு முகவராக வேலை செய்தவன் நான். அந்த வாழ்க்கையில் கற்ற சிலவற்றை நமது வியாபாரச் சகோதரர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். எனது தவறினால் ஏற்பட்ட ஒரு நட்டமும் இதில் அடங்கும்.

யீவு, ஷங்ஹாயிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணித்தியாலத்துக்குட்பட்ட தூரத்திலுள்ள நகரம். ஒரு காலத்தில் விளைச்சல் குறைந்த ஏழைக் கிராமங்களாக இருந்த இடம். அவ்வூர் மக்கள் சீனியைக் காவுதடியில் சுமந்து ஊரூராகச் சென்று, கோழி இறகுக்குப் பண்டமாற்றுச் செய்து பிழைத்தவர்கள். அந்த இறகு வயலுக்கு உரமாகும். நமது மூத்தவர்கள் பொட்டணி கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாக நடந்த கதையைத்தான் இது எனக்கு நினைவூட்டும். 1982ஆம் ஆண்டு அங்கு தெருச் சந்தைக்கு அனுமதி கிடைத்தது. இன்று அந்தச் சர்வதேச வர்த்தகச் சந்தையில் சுமார் 75,000 கடைகள் இருக்கின்றன. கடைக்கு ஒரு நிமிடம் வீதம் தினமும் எட்டு மணித்தியாலம் நின்றாலும் பார்த்து முடிக்க ஐந்து மாதம் தேவை.

குடியிருக்கப் போகின்றவர் முதலில் சந்திப்பது பொலிஸ் பதிவை. ஹோட்டலில் தங்கினால் ஹோட்டல்காரரே பதிந்துவிடுவார். வீட்டில் தங்கினால் 24 மணித்தியாலத்துக்குள் நாமே அல்லது வீட்டுக்காரர் பொலிஸ் நிலையத்தில் பதிய வேண்டும். 2013 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள சட்டம் இது. வீடு மாறினாலும் இதே விதிதான். இரண்டாம் வருடம் நான் வீடு மாறியபோது, வீட்டுக்காரர் “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். நம்பி இருந்துவிட்டேன். ஐந்தாம் நாள் அழைப்பு வந்தது. “வீட்டுக்காரரிடம் சொன்னேன்” என்றேன். “பதிந்த தாள் எங்கே?” என்று கேட்டார் அதிகாரி. எச்சரிக்கையோடு விட்டார்கள். வாயால் சொன்னது அங்கே கணக்கில் வராது என்பதை அன்று படித்தேன். பிறகு வியாபாரத்தில் அந்தப் பாடத்தை நானே மறந்ததுதான் வேடிக்கை.

உணவுக்கும் தொழுகைக்கும் அல்லாஹ்வின் அருளால் யீவுவில் கஷ்டமில்லை. கடை வாசலில் பச்சை நிறத்தில் ‘சிங்ஜென்’ என்ற சீன எழுத்துக்களைக் கண்டால் ஹலால் உணவு என்று விளங்கிக்கொள்ளலாம். கையால் இழுத்துச் செய்யும் மாட்டிறைச்சி நூடுல்ஸ்தான் எனது பெரும்பாலான பகலுணவு. பட்டுத் தொழிற்சாலையாக இருந்த கட்டிடம் ஒன்று அங்கே பெரிய பள்ளிவாசலாக மாறியிருந்தது. ஜும்ஆவுக்கு எமன், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், சோமாலியா என்று பல நாட்டவர் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். அரபு படித்துவிட்டு மொழிபெயர்ப்பாளர்களாக வேலை தேடி வந்த சீன முஸ்லிம் இளைஞர்களையும் அங்கேதான் பழக்கமாக்கிக்கொண்டேன்.

நான் போன புதிதில் முற்பணம் கட்டுவதென்றால் பை நிறையக் காசு சுமக்க வேண்டும். அங்கே மிகப் பெரிய தாளே 100 யுவான்தான். நான்கைந்து வருடத்துக்குள் பழக்கடைக்காரர்கூட கையடக்கத் தொலைபேசியில் காசு வாங்கத் தொடங்கிவிட்டார். 2017இல் வட்ஸ்அப் தடைப்பட்டதும் வீட்டாரையும் கொழும்பு முதலாளிமாரையும் வீசாட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

இனி அந்தக் குடைக் கதை. 2015 ஜனவரியில் எனது மாமா மே மாத மழைக்காக 6,000 குடைகள் கேட்டிருந்தார். நான் வழமையாகப் போகும் கடையில் எட்டுக் கம்பிக் குடையொன்றைத் தெரிவு செய்தேன். விலை 13 யுவான். சீனச் சந்தையில் பேரம் கல்குலேட்டரில்தான் நடக்கும். அவர் ஓர் எண்ணை அடிப்பார். நாம் அழித்துவிட்டு வேறோர் எண்ணை அடிப்போம். நான் பத்தரை அடித்தேன். கடைக்காரப் பெண்மணி சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தலையசைத்தார். 15,000 யுவான் மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் 30 வீத முற்பணம் கட்டி வந்துவிட்டேன். பற்றுச்சீட்டில் எழுதப்பட்டது ‘குடை, எட்டுக் கம்பி, 6,000’ என்பது மட்டுமே.

பெப்ரவரியில் சீனப் புத்தாண்டு. தொழிலாளர் எல்லோரும் ஊர் போய்விட, தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. மார்ச் கடைசியில்தான் சாமான் களஞ்சியத்துக்கு வந்தது. அவசரத்தில் இரண்டு பெட்டிகளை உடைத்து, குடையை விரித்துப் பார்த்தேன். நிறம் சரி, துணி சரி. நிங்போ துறைமுகத்துக்கு ஏற்றிவிட்டேன்.

கொழும்பில் முதல் மழைக் காற்றுக்கே கம்பிகள் மடங்கின. நான் கோபத்தோடு கடைக்குப் போனேன். அந்தப் பெண்மணி சத்தம் போடவில்லை. முதல் மாதிரியையும் எங்களுக்கு அனுப்பிய குடையொன்றையும் எடுத்து, தபால் பொதி நிறுக்கும் தராசில் வைத்தார். ஒன்று 410 கிராம், மற்றது 345. “13 யுவானுக்கு இது, பத்தரைக்கு அது. நீங்கள் எதைக் கேட்டீர்கள்?” என்றார். அவர் அன்றே சொல்லியிருக்க வேண்டும் என்பது உண்மை. நான் கேட்டிருக்க வேண்டும் என்பதும் உண்மை. காட்டுவதற்கு என் கையில் ஒரு தாளும் இருக்கவில்லை.

மாமாவிடம் சிலர், “பேசாமல் வெளியூருக்குத் தள்ளிவிடுங்கள், ஹாஜியார்” என்றார்களாம். அவர் செய்யவில்லை. வந்த ஒவ்வொருவரிடமும் கம்பி பலவீனம் என்று சொல்லியே வாங்கிய விலைக்கும் குறைவாக விற்றார். “மகன், இதை வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்கிற உம்மா மழையில நின்டு நமக்கு என்ன சொல்லுவா?” என்று தொலைபேசியில் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நட்டத்தில் பாதியை எனது தரகுப் பணத்திலிருந்து கழித்துக் கொடுக்க ஒன்றரை வருடம் சென்றது.

‘சீனாச் சாமான் தரமில்லை’ என்று நாம் பேசிக்கொள்கின்றோம். நான் அங்கே கண்டது வேறு. ஒரே சந்தையில் ஒரே குடை நாலு தரத்தில் இருக்கும். நாம் விலையை நெருக்கினால், நமக்குத் தெரியாமல் கம்பி மெலியும். நெருக்கிய குறையை மாத்திரம் சீனாவின் மீது போட்டுவிடுகின்றோம்.

அதன் பிறகு நான் கைக்கொண்ட முறை இதுதான். விலை குறைந்தால் “எதைக் குறைத்தீர்கள்?” என்று அங்கேயே கேட்பேன். மாதிரியில் இரண்டு எடுத்து, இருவரும் ஒப்பமிட்டு, ஒன்றைக் கடையிலும் ஒன்றை என்னிடமும் வைத்துக்கொள்வேன். கம்பியின் தடிப்பு, ஒரு துண்டின் நிறை, பெட்டியின் நிறை எல்லாவற்றையும் சீன மொழியிலேயே எழுதி வாங்குவேன். நடுவிலுள்ள பெட்டிகளையும் உடைத்து நிறுத்துப் பார்க்காமல் மீதி 70 வீதத்தைக் கட்டமாட்டேன். சீனப் புத்தாண்டை ஒட்டி ஓடர் கொடுப்பவர்கள் இரண்டு மாதம் முந்திக்கொள்ள வேண்டும். 2026இல் அந்தப் புத்தாண்டும் ரமழானும் ஒரே வாரத்தில் வருவதைப் போன்ற வருடங்களில் பெருநாள் சாமானுக்கு இது இன்னும் அவசியம்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்குர்ஆன் சூரத்துல் பகராவின் 282ஆம் வசனத்தில் நமக்குக் கற்பிக்கின்றது. மத்ரஸாவில் ஓதிய அதை நான் விளங்கிக்கொண்டது ஒரு சீனப் பெண்மணியின் தராசுக்கு முன்னால்தான். அன்று மாலையே ஒரு சிறிய தராசு வாங்கினேன். 45 யுவான். அதற்கு நான் பேரம் பேசவில்லை.