பதினேழு பூச்சுகள், ஒரு மூக்கு

வாயு உணரி ஆராய்ச்சிக்கு வரும் மாணவருக்கு முதலில் தோன்றும் ஆசை, ஒரே ஒரு வாயுவை மட்டும் காட்டிக்கொடுத்து மற்றதைச் சட்டை செய்யாத பூச்சு ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்பதுதான். கலிஃபோர்னியாவின் கால்டெக்கில் நேதன் லூயிஸின் ஆய்வுக்கூடம் 1990களின் நடுவில் அந்த ஆசையையே விட்டுவிட்டது. எல்லா ஆவிக்கும் கொஞ்சம் கொஞ்சம் அசைந்துகொடுக்கும் சாதாரண பாலிமர்களே போதும் என்று இறங்கினார்கள்.

செய்முறையில் பகட்டே இல்லை. கடையில் வாங்கிய சின்னஞ்சிறு செராமிக் மின்தேக்கியை, உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் உலோகத் தகடுகளின் விளிம்பு தெரியும்வரை தேய்த்தார்கள். நாலு பங்கு பாலிமருக்கு ஒரு பங்கு கரித்தூள் சேர்த்துக் கரைப்பானில் கலக்கி, அதில் முக்கி எடுத்தார்கள். கரைப்பான் பறந்ததும் கறுப்பாக ஒரு மென்படலம். உணரி தயார்!

கரித்தூள் மின்சாரத்தைக் கடத்தும், பாலிமர் கடத்தாது. ஆவி பட்டால் பாலிமர் உப்பும், கரித்துகள்கள் விலகும், மின்தடை ஏறும். சுத்தமான காற்று வந்ததும் படலம் பழையபடி சுருங்கும். படலத்தின் தடிமனைப் பாதியாக்கினால் ஆவி ஊடுருவும் நேரம் கால்வாசியாகும். பூச்சின் தடிமனுக்காக மாணவர்கள் இத்தனை மெனக்கெடுவது அதனால்தான்.

1996இல் வெளியான கட்டுரையில் 17 வகைப் பூச்சுகள். தெர்மாகோலுக்கு மூலமான பாலிஸ்டைரீன் உண்டு. தச்சர்களின் வெள்ளைப் பசையில் இருக்கும் பாலிவினைல் அசிட்டேட்டும் உண்டு. முன்னது பென்சீனுக்கு நன்றாக உப்பும், ஆல்கஹாலைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் உப்புவதால் கிடைக்கும் கோலத்தை வைத்துத்தான் கணினி ஆவியை அடையாளம் காண்கிறது. தனியாக எதையும் உறுதியாகச் சொல்லத் தெரியாதவற்றைக் கூட்டிவைத்து உறுதியான பதிலை வாங்கியதுதான் இதில் எனக்குப் பிடித்த சாமர்த்தியம்.

1998இல், 77 வயது விண்வெளி வீரர் ஜான் கிளென் மீண்டும் விண்வெளிக்குப் போன அதே டிஸ்கவரி விண்ணோடத்தில், இந்த முறையில் செய்த 32 உணரிகள் கொண்ட மின்மூக்கும் போனது. ஆறு நாள் ஓயாமல் மோப்பம் பிடித்தது. சோதனைக்காக வீரர்கள் தினமும் காட்டிய ஆல்கஹால் துடைப்பானைத் தவிர, அதற்குச் சிக்கியதெல்லாம் பெரும்பாலும் ஈரப்பத மாற்றம்தான்.

இந்தத் துறையின் தீராத தலைவலியும் ஈரப்பதம்தான். பல பாலிமர்களுக்கு நீராவியும் ஓர் ஆவியே. நாளாக ஆகப் பூச்சு மூப்படைவதால், அளவீட்டுக்கான அடிக்கோடும் நகர்ந்துவிடும். அதனால் ஓர் ஆய்வேட்டைப் புரட்டும்போது நான் முதலில் பார்ப்பது உணர்திறன் எண்ணை அல்ல. வறண்ட நைட்ரஜனில் மட்டும் அளந்தார்களா, மழைக்காலக் காற்றிலும் அளந்தார்களா என்பதைத்தான்.