திரை போட்டால் பூட்டினதாகுமா?

என் ஸ்கேன் ரிப்போர்ட், வீட்டுப் பத்திர நகல், மகளின் ஜாதகம் எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. பரீட்சை வந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அதில்தான் படிக்கிறார்கள்.

"ஃபோல்டரை மறைச்சு வெச்சிட்டேன், யாருக்கும் தெரியாது" என்று பெருமைப்படும் சிநேகிதிகள் எனக்கு உண்டு. விண்டோஸில் 'ஹிட்டன்' என்று டிக் செய்தால் மறையும்தான். ஆனால் 'வியூ' போய், மறைந்ததைக் காட்டு என்றால் பல்லை இளித்துக்கொண்டு வந்து நிற்குமே! டி டிரைவையே மறைக்கவும் வழியுண்டு. அதிலும் படம்தான் போகும். மேலே கட்டத்தில் 'டி' எழுதி இரட்டைப் புள்ளி வைத்தால் திறந்துவிடும். இந்தக் காலத்துச் சுட்டிகளுக்கு இது தெரியாதா என்ன?

நிஜப் பூட்டு வேறே. செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ்' போய், பிள்ளைகளுக்குத் தனி அக்கவுண்ட் போடுங்கள். அது 'ஸ்டாண்டர்ட்' ஆகவே இருக்கட்டும். 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுப்பது சாவிக்கொத்தையே கொடுப்பது மாதிரி. உங்கள் அக்கவுண்டுக்குப் பாஸ்வேர்ட் கட்டாயம். அது இல்லாவிட்டால் இத்தனையும் வீண். முக்கியமானவற்றை டி டிரைவில் போடாமல், உங்கள் 'டாக்குமெண்ட்ஸ்' உள்ளேயே வையுங்கள். அவர்கள் அக்கவுண்டிலிருந்து அதைத் திறக்கப் போனால், அனுமதி இல்லை என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும்.

பால் பொங்குதேன்னு எழுந்து ஓடும்போதுகூட விண்டோஸ் பொத்தானையும் 'எல்'லையும் சேர்த்து அமுக்கிவிட்டு ஓடுங்கள். திரை பூட்டிக்கொள்ளும்.

ரிப்பேர் கடையில் மட்டும் இந்தப் பூட்டு செல்லாது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் படித்துவிடலாம். 'பிட்லாக்கர்' வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அது தரும் 48 இலக்க எண்ணை ஒரு தாளில் எழுதி, நிஜ பீரோவில் வைத்துவிடுங்கள்.